பாதி வீட்டுக்காரன்

பதினெட்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூற்றைம்பது ரூபா. பல்கீஸ் ராத்தா அந்தத் தொகையைப் பிள்ளையின் பேரைச் சொல்லுகிற மாதிரி ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னார். பிள்ளை என்று அவருக்கு ஒன்றும் இல்லை. இந்தத் தொகைதான் இருந்தது.

துப்பறியும் சுகிர்தன் கதிரை நுனியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய உதவியாளும் ஓட்டோக்காரனும் ஆன அப்ராஸ் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. ஒழுங்கை முனையில் ஒரு மான் சீமெந்துப் பைக் கடதாசியை மென்றுகொண்டு நின்றது.

கதை இதுதான். ராத்தாவின் புருஷன் பக்கீர் லீசிங் கம்பனியில் கடனுக்கு ஒரு இஞ்சின் படகு எடுத்தார். பக்கத்தில் ராத்தாவும் கையெழுத்து வைத்தார். மீன் ஏமாற்றியது. டீசல் விலை ஏமாற்றியது. கடைசியில் பக்கீரின் நெஞ்சும் ஏமாற்றியது. மையத்தை அடக்கிக் கொஞ்ச நாளில் கம்பனி வழக்குப் போட்டது. வட்டியோடு சேர்த்து இவ்வளவையும் கட்டு என்று கோட்டு நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கட்ட வழியில்லை. வாற திங்கட்கிழமை கோட்டில் இருந்து பிஸ்கால் என்கிற ஏல அதிகாரி வந்து வீட்டில் ராத்தாவின் பங்கை ஏலம் கூறப் போகிறார்.

பங்கு. அதில்தான் சிக்கல் கிடந்தது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் இரண்டு பேர் இருக்கிறது. வாப்பா மௌத்தாகுவதற்கு முதல் மூத்தவர் ஹஸன், இளையவள் பல்கீஸ் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாக எழுதிப்போட்டுப் போனார். அந்த ஹஸன் வீட்டைவிட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால், முழு வீட்டையும் ஐம்பத்திரண்டு லட்சத்துக்கு வாங்க மின்ஹா டீச்சர் காசோடு காத்திருக்கிறார். கடனைக் கட்டி மிச்சத்தை வைத்து ராத்தா ஆருக்கும் பாரமில்லாமல் காலத்தை ஓட்டலாம். ஹஸன் வராவிட்டால் ஏலத்துக்குப் போவது பாதி வீடு. அதை எவன் நல்ல விலைக்கு எடுப்பான்? எட்டு லட்சமோ ஒன்பது லட்சமோ வரும். வீடும் போய் மிச்சக் கடனும் தலையில் நிற்கும்.

"பாதி மாட்டை வாங்கினா எந்தப் பக்கம் பால் கறக்கிறது?" என்றான் அப்ராஸ்.

ராத்தா சிரிக்கவில்லை. சிரிப்பு என்பது வேறு ஆருக்கோ வந்த தபால் மாதிரி அவரைத் தாண்டிப் போனது. தேத்தண்ணி கொண்டுவர அலுமாரியில் இருந்து மூன்று கிளாஸ் எடுத்தார். ஒன்றைத்தான் அவர் பாவிக்கிறவர். மற்ற இரண்டையும் முந்தானையால் துடைத்து, பிறகு கழுவி, திரும்பவும் துடைத்தார். சுகிர்தன் அதைப் பார்க்காத மாதிரி இருந்தான். அவனும் வலைக்கடைக்கு மேல் ஒரு அறையில் தனியாக ஒரு சுண்டு அரிசி போட்டுச் சமைக்கிறவன். அந்தத் துடைப்பு அவனுக்குத் தெரியும்.

ஹஸனை ஏற்கனவே தேடியாயிற்று. மூதூர்ப் பக்கம் போனதாக எப்போதோ ஒரு கதை அடிபட்டதால், காணித் தரகன் றிப்தி என்பவன் ராத்தாவுக்காக மூதூர், தோப்பூர் எல்லாம் போய் வந்தான். அந்தப் பக்கம் ஹஸன் என்று நாலு பேரைப் பிடித்து விசாரித்ததாகவும், நாலு பேரும் டவுனில் தங்களுக்கு வீடு இல்லை என்று சொன்னதாகவும் ராத்தாவின் சட்டத்தரணிக்கு முன்னால் சத்தியம் பண்ணினான். இன்று காலை சுகிர்தன் ஒழுங்கைக்குள் இறங்கும்போதும் மறித்து, தோளில் கைபோட்டு ஒரு புத்தி சொன்னான்.

"ராத்தாட பேரை மட்டும் எடுத்திராதீங்க. அண்ணனும் தங்கச்சியும் கோவம். தங்கச்சி, கடன், கோடு எண்டு காதில விழுந்தா, அண்டைக்கே வெருகல் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போயிருவான். டவுனில வீடு இரிக்கா எண்டு சும்மா கேளுங்க. அது போதும்."

நியாயமான பேச்சு. சுகிர்தன் அதை மனதில் முடிந்துகொண்டான்.

ஹஸனின் படம் ஒன்று கேட்டான். இல்லை என்றார் ராத்தா. அண்ணனான அந்தக் காக்கா கொத்து வேலை செய்கிற மேசன். கலியாண வீட்டில் எல்லாரும் படத்துக்கு நிற்கும்போது பந்தல் காலுக்குக் கல் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிற மனுஷன். வாப்பாவின் காணியில் இந்த வீட்டையே அவர்தான் கட்டினார். அவர் சவூதியில் உழைத்த காசு, அவர் கை.

சுகிர்தன் எழும்பி வீட்டைச் சுற்றி நடந்தான். ஹோல், ஒரு அறை, இன்னொரு அறை, பின்னால் குசினி. குசினி வாசலில் தோள் சுவரில் உரசியது. நோகவில்லை. திரும்பிப் பார்த்தான். சுவரின் விளிம்பைக் கையால் தடவினான். அடுத்த விளிம்பைத் தடவினான். யன்னல் ஓரம், கிணற்றுக் கட்டு, குளியலறைத் தட்டி, எல்லாவற்றையும் தடவிக்கொண்டே வந்தான்.

"அண்ணன் வீட்டைக் குளிப்பாட்டுறார்," என்றான் அப்ராஸ்.

"ராத்தா, இந்த வீட்டில கூர் மூலை ஒண்டும் இல்லையே?"

"உம்மாவுக்குக் கண் தெரியா. சுவரைத் தடவித்தான் நடப்பா. நெத்தி அடிபடக் கூடாதெண்டு காக்கா மூலை எல்லாம் வளைச்சுப் பூசினார்." சொல்லிக்கொண்டே ராத்தாவின் கையும் பக்கத்துச் சுவரின் வளைவில் போய் நின்றது. உம்மா போய் எத்தனையோ காலம். இப்போது அந்த வளைவுகளைத் தடவ ராத்தா ஒரு ஆள்தான்.

ஹஸன் ஏன் போனார் என்று கேட்டதற்குச் சுவரில் இருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்த புதுசில் ஒரு விருந்து. நாலைந்து பேர் ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பூசாத குசினியோடு ஒரு வீட்டைத் தந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பக்கீர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பகிடிக்குத்தான் சொன்னார். ஹஸன் சகனில் இருந்து கையை எடுத்துவிட்டார். அடுத்த நாள் விடிய வந்து தனி ஆளாக நின்று குசினி முழுக்கப் பூசினார். சாந்துக் கரண்டியைக் கழுவினார். போய்விட்டார்.

"நான் அவர்ட பக்கமும் கதைக்கல்ல, இவர்ட பக்கமும் கதைக்கல்ல," என்றார் ராத்தா.

மூதூருக்குப் புறப்பட்ட ஓட்டோ சீனன்குடாவைத் தாண்டும்வரை அப்ராஸ் வாய் திறக்கவில்லை. அது அவனுக்கு ஒரு சாதனை.

"அப்ப அண்ணன், நாம ஹஸனைத் தேடாம மூலையைத் தேடப் போறமா?"

"மூலை இல்லாத சுவரைத் தேடப் போறம். பேரை மாத்தலாம், ஊரை மாத்தலாம். பழகின கையை மாத்தேலாது."

"என்ட வாயும் அப்பிடித்தான். மாத்தச் சொல்லி உம்மா கனக்க நேர்ச்சை வச்சா."

கிண்ணியாப் பாலத்தில் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு தோணி நடுவில் தனியாக நின்றது, அதில் ஒரு ஆள் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். சுகிர்தன் அந்த ஆளைப் பாலம் முடியும் வரைக்கும் பார்த்தான். நீங்கள் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று அப்ராஸ் வழக்கம்போலத் தொடங்கினான். சுகிர்தன் வழக்கம்போல ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றான். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்தது ஒன்றும் இல்லை. ஆருக்கும் வீடு கட்டிக்கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை, ஆரோடும் கோவிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

மூதூரில் ஹாட்வெயார் கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இறங்கினார்கள். மேசன்மார், கூலியாட்கள் கூடுகிற இடம். சுகிர்தன் ஹஸன் என்ற பேரையே எடுக்கவில்லை. பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, தான் ஒரு வீடு கட்டுவதாகவும், வீட்டில் ஒரு வயசாளிக்குக் கண் தெரியாது என்றும், சுவர் மூலையை வளைத்துப் பூசத் தெரிந்த மேசன் கிடைப்பானா என்றும் விசாரித்தான்.

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

"உருண்டை மேசனைத் தேடுறீங்க," என்றார் ஒருவர். பிறகு ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மூலையைக் கூராக விடச் சொன்னால் அந்த ஆள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாராம். வளைக்கப் போகிற நேரத்துக்குக் கூலியும் கேட்கமாட்டாராம். அவரோடு வேலைக்குப் போனால் பொழுது படாது என்று ஒருத்தனும் கையாளாகப் போவதில்லை. சாந்து குழைப்பதும் அவர், சுமப்பதும் அவர், பூசுவதும் அவர். இப்போது தோப்பூரில் ஒரு பள்ளிவாசலில், தொழப் போகிறவர்கள் கைகால் கழுவி வுழூச் செய்கிற இடத்துக்குச் சுவர் எழுப்புகிறார். பேர் என்ன என்று சுகிர்தன் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"ஹஸன்."

அப்ராஸ் பணிசைக் கடித்த வாயோடு சுகிர்தனைப் பார்த்தான்.

தோப்பூர் வயல் எல்லாம் அரிவி வெட்டு முடிந்து காய்ந்து கிடந்தது. பள்ளிவாசலின் பின்பக்கம் ஒரு மனுஷன் சுவரோடு நின்றார். அறுபதைத் தாண்டிய ஆள், மெலிந்த உடம்பு, கைமயிரில் சீமெந்து காய்ந்து சாம்பல் பூத்திருந்தது. பக்கத்தில் பேச ஒரு குருவிகூட இல்லை. சுவரின் விளிம்புக்கு வந்ததும் மட்டப்பலகையை வைத்துவிட்டு, உள்ளங்கையை நனைத்து, குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி ஈரப் பூச்சை வளைத்தார்.

ராத்தாவின் வீட்டில் சுகிர்தன் தடவின அதே வளைவு.

ஸலாம் சொல்லி அப்ராஸ் கதையைத் தொடங்கிவைத்தான். வெயில், வெள்ளாமை, சீமெந்து விலை. ஹஸன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பதில் சொன்னார். வெறுப்பில் இல்லை, கனகாலம் கதைத்துப் பழகாத ஆள் அப்படித்தான் கதைப்பார். எங்கே தங்குகிறீர்கள் என்றதற்கு, வேலை நடக்கிற இடத்தில் படுப்பேன், வேலை முடிந்தால் அடுத்த இடம் என்றார். சுகிர்தன் மெதுவாகத் தன் கேள்வியை இறக்கினான்.

"திருகோணமலை டவுனில உங்களுக்கு வீடு வளவு ஒண்டும் இருக்கோ காக்கா?"

"எனக்கு எங்கயும் வீடில்ல."

கரண்டி நிற்கவில்லை. சுகிர்தன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பான். பொய் சொல்லுகிறவனின் கை ஒரு தரமாவது வேலையைப் பிழைக்கும். இந்தக் கை பிழைக்கவில்லை. அள்ளின சாந்து அளவாகப் போய் அளவாக ஒட்டியது.

திரும்பி வந்து ஓட்டோவில் ஏறினார்கள். பெரிய மூட்டையைத் தூக்கப் போய் உள்ளே பஞ்சு என்று கண்டவன் மாதிரி சுகிர்தனுக்குக் கை சும்மா கிடந்தது. ஓட்டோ வயல் ரோட்டில் குலுங்கியது.

"கை அவற்ர கை," என்றான். "பேரும் அவற்ர பேர். ஆனா அந்த மனுஷன் பொய் சொல்லேல்லை. எனக்கு விளங்கேல்லை அப்ராஸ்."

"அதில விளங்க என்ன இரிக்கு? நானும்தான் கட்டாரில வெயில் குடிச்சு ஒரு வீடு கட்டினன். இண்டைக்கு எவனாவது வீடு இரிக்கா எண்டு கேட்டா இல்ல எண்டுதான் சொல்லுவன்."

"ஜமாலியாவில இருக்கிறது ஆற்ர வீடு?"

"அது தங்கச்சிட." அப்ராஸ் குழியைச் சுற்றி வளைத்தான். "கட்டினது நான்தான். காணியும் இன்னும் என்ட பேரில. ஆனா தங்கச்சிக்குக் குடுத்த வீட்டை என்ட வீடெண்டு வெளியில சொன்னா உம்மா செருப்பைக் கழட்டுவா. அது ஆம்புளைக்கு வெக்கம் அண்ணன். குடுத்தா குடுத்ததுதான்."

சுகிர்தன் முன்கம்பியைப் பிடித்தான்.

"திருப்பு."

"என்னத்த விட்டிட்டு வந்திட்டீங்க?"

"கேள்வியை. உறுதியில இருக்கிற ஆளை நான் தேடினனான். உறுதியைப் பற்றி நினைக்காத மனுஷனிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டா வேற என்ன பதில் வரும்?"

ஹஸன் அதே இடத்தில் அதே சுவரோடு நின்றார். இவர்கள் போய் வந்ததில் அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. சுகிர்தன் சுற்றி வளைக்கவில்லை. றிப்தி சொன்ன புத்தியையும் வயலில் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"காக்கா, நீங்கள் ஆருக்கும் வீடு குடுத்தனீங்களோ?"

கரண்டி நின்றது.

வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவினார். சாரத்தில் துடைத்தார். வாயையும் துடைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பேரைச் சொன்னார்.

"தங்கச்சிக்கு. பல்கீஸ்." சொல்லிவிட்டு, பயந்த மாதிரிச் சுகிர்தனைப் பார்த்தார். "ஏன் தம்பி? குசினிப் பூச்சு வெடிச்சிற்றா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்து ஒரு ஆள் வந்தால் குறை சொல்லத்தான் வருவான் என்று அவர் நினைத்திருக்கிறார். சுகிர்தன் அவசரமாகத் தலையைக் குறுக்கே ஆட்டினான். இல்லை, ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னான். அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

சீமெந்து மூட்டையில் இருந்துகொண்டு சுகிர்தன் எல்லாவற்றையும் சொன்னான். படகு, கடன், கோடு, திங்கட்கிழமை ஏலம். பக்கீர் மௌத்தானதைச் சொல்ல வாயெடுத்தபோது ஹஸன் கையை உயர்த்தி மறித்தார். அது தெரியும் என்றார்.

"மையத்துக்கு வந்தனான். மையவாடியில பின்னுக்கு நிண்டு மூணு பிடி மண் போட்டுட்டுப் போனனான். பொம்புளையள் மையவாடிக்கு வாறதில்லையே. அவ காணல்ல."

"வீட்டுக்குப் போயிருக்கலாமே காக்கா?"

"குசினியும் பூசி முடிச்சாச்சு. அங்க எனக்கு என்ன வேலை?"

அப்ராஸ் தலையைக் குனிந்து கால் விரலால் மணலைக் கிளறினான். ஒரு பகிடியும் வரவில்லை.

முதல் வந்த தரகர் என்ன கேட்டார் என்று சுகிர்தன் விசாரித்தான்.

"ஒரு வெள்ளைச் சேட்டுக்காரன். டவுனில வீடிரிக்கா, வளவிரிக்கா, மூணு தரம் அதையே கேட்டான். கூட ரெண்டு பேரைக் கூட்டிவந்து நிப்பாட்டியிருந்தான். இல்லைதானே, இவங்களுக்கும் கேக்கத் தெளிவாச் சொல்லுங்க எண்டான்."

"தங்கச்சியின்ர பேரைச் சொன்னவனோ?"

"ஒருக்காலும் இல்ல. சொல்லியிருந்தா நான் அண்டைக்கே கரண்டியைப் போட்டிருப்பனே."

சுகிர்தன் எழும்பி நின்றான். அண்ணனைத் தேடிப் போகிற எவனும் முதலில் தங்கச்சியின் பேரைத்தான் சொல்லுவான். றிப்தி சொல்லவில்லை. அவனும் இந்த ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவன், தன் தங்கச்சிமாரை வீடு கொடுத்துக் கட்டிவைத்தவன். எந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வரும் என்பது அவனுக்கு வீட்டில் இருந்து புறப்படும்போதே தெரியும். நாலு ஹஸனையும் தேடிப்போனது ஹஸனைக் கண்டுபிடிக்க அல்ல. பொய்யில்லாத ஒரு சத்தியத்தைச் செய்துகொள்ள. ஏலத்தில் பாதி வீடு சும்மா விலைக்கு விழும்போது கைதூக்கப் போகிறவன் ஆர் என்பதும் இப்போது விளங்கியது. அதற்கு மேல், காலையில் தோளில் கைபோட்டு அதே கேள்வியைச் சுகிர்தனின் சட்டைப்பையிலும் போட்டு அனுப்பியிருக்கிறான். சுகிர்தன் அதை இவ்வளவு தூரம் சுமந்தும் வந்துவிட்டான்.

"அவன் கேள்வி கேக்கப் போகல்ல அண்ணன்," என்றான் அப்ராஸ். "பதில் வாங்கப் போயிரிக்கான்."

அந்த அளவில் விஷயம் முடிந்தது என்று சுகிர்தன் நினைத்தான். நாளைக்கு டவுனுக்கு வந்து, வீட்டை விற்கிறவராக நீங்களும் கையெழுத்து வைத்தால் போதும் என்றான். ஹஸன் கரண்டியைத் திரும்ப எடுத்தார்.

"அது ஏலாது."

"ஏன்?"

"விக்கிறவர் எண்டு என்ட பேர் வரக் கூடா. வித்தா பாதிக் காசு எனக்கெண்டு எழுதுவாங்க. நான் குடுத்த வீடு அது. குடுத்ததை விக்க நான் ஆர்?"

காசை வாங்கித் தங்கச்சியிடமே கொடுங்கள் என்று சுகிர்தன் சொல்லிப் பார்த்தான். அந்தக் காசு என் கையில் ஒரு நிமிஷம் இருந்தாலும் திருப்பி வாங்கினதுதான் என்றார் ஹஸன். ஏலம் போனால் ராத்தா ரோட்டில் நிற்பார் என்றான். ஹஸன் ஒரு கரண்டி சாந்தை அள்ளினார். சுவரில் அடித்தார். கரண்டியில் இருந்த சாந்து ஒட்டாமல் கீழே விழுந்தது. அவருடைய கை முதல் தரமாகப் பிழைத்தது.

வெயில் சுவரை விட்டு இறங்கியது. உள்ளே ஆரோ அஸருக்கு வுழூச் செய்யும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒரு தங்கச்சியைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறார், அவருடைய மானமே குறுக்கே நிற்கிறது. சுகிர்தன் திரும்ப மூட்டையில் இருந்தான். சுமக்க முடியாத மூட்டையை இழுத்துப் பார்க்கலாம், உருட்டிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் பிடிப்பது என்றுதான் தெரிய வேண்டும்.

"காக்கா," என்றான் கடைசியில். "நீங்கள் விக்க வேண்டாம். இன்னொருக்காக் குடுங்கோ."

ஹஸன் திரும்பினார்.

"அண்டைக்கு வாயாலதானே குடுத்தனீங்கள். இப்ப நொத்தாரிசிட்டப் போய் எழுத்தில குடுங்கோ. உங்கட பாதியைத் தங்கச்சிக்கு நன்கொடை எண்டு உறுதி முடிப்பம். பிறகு முழு வீடும் அவவின்ர. விக்கிறது அவ. உங்கட பேர் விக்கிற இடத்தில வராது. குடுத்த இடத்தில மட்டும் வரும்."

ஹஸன் அதைக் கனநேரம் யோசித்தார். தூக்குநூல் பிடித்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி அந்தப் பேச்சை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரே வீட்டை ரெண்டு தரம் குடுத்தவன் ஆரும் இரிக்கானா தம்பி?"

"இல்ல காக்கா," என்றான் அப்ராஸ். "பேப்பரில போடுவாங்க. படத்துக்கு நிக்கத்தான் நீங்க ஒத்துக்கொள்ள மாட்டீங்க."

அந்த மனுஷன் சிரித்தார். அது பழக்கம் விட்டுப்போன சிரிப்பு, கொஞ்சம் இருமல் மாதிரி வந்தது. பிறகு குழைத்த சாந்து வீணாகக் கூடாது என்று சொல்லி, மிச்ச விளிம்பையும் உள்ளங்கையால் வளைத்து முடித்துவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறினார்.

நொத்தாரிசின் கந்தோரில் அண்ணனும் தங்கச்சியும் இரண்டு அந்தத்தில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இரண்டு பேரும் நொத்தாரிசைப் பார்த்தார்கள். ஹஸன் சொல்ல வேண்டியதை நொத்தாரிசுக்குச் சொன்னார். அவர் சாப்பிட்டாரா என்று ராத்தா அப்ராஸிடம் கேட்டார். சாப்பிட்டதாகச் சொல்லச் சொல்லி ஹஸனும் அப்ராஸிடமே சொன்னார். நடுவில் இருந்த தான் ஒரு டெலிபோன் கம்பி ஆகிவிட்டதாக அப்ராஸ் பிறகு முறைப்பட்டான். அந்த உறுதி முடிந்த கையோடு மின்ஹா டீச்சருக்கு விற்கிற உறுதியும் முடிந்தது. டீச்சர் கடன் தொகையைக் கம்பனிச் சட்டத்தரணியின் கையில் நேராகக் கட்டி, மிச்சத்தை ராத்தாவின் பேரில் வங்கியில் போட்டார்.

திங்கட்கிழமை காலை றிப்தி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒழுங்கைக்கு வந்தான். பிஸ்கால் இல்லை, ஏலமும் இல்லை. ஓட்டோவுக்குள் இருந்து அப்ராஸ் தலையை நீட்டினான்.

"ராத்தாட பேரை எடுக்க வேணாம் எண்டீங்க. வாய் தவறி எடுத்திட்டம்."

றிப்தி வந்த வழியே திரும்பிப் போனான்.

அன்றைக்கே கோட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். கம்பனிச் சட்டத்தரணி எழும்பி, பணம் முழுக்கக் கிடைத்தது, வேறு கோரிக்கை இல்லை என்றார். நீதிபதி ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். ஒரு மனுஷியைக் காலமெல்லாம் அழுத்தின பாரம் ஒரு பேனை அசைவில் இறங்கியது. கோட்டு அலுவலரான முதலியார் ராத்தாவைப் பார்த்துக் குனிந்து, கடன் தீர்ந்தது, இனி உங்களுக்கு இந்தக் கோட்டில் அலுவல் இல்லை, போகலாம் என்றார்.

ராத்தா எழும்பவில்லை. அடுத்த வழக்கு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வாங்குப் பலகையில் அவர் அப்படியே இருந்தார். சுகிர்தன் பக்கத்தில் போய் இருந்து, மெதுவாக, ராத்தா முடிஞ்சுது என்றான்.

"தெரியும் தம்பி," என்றார் அவர். "உம்மா போய், இவரும் போன பிறகு, என்னை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடுறது இந்தக் கோட்டில மட்டும்தான். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கூப்பிடுவாங்க. இண்டையோட அதுவும் இல்ல."

தன் பேரைக் கடைசியாக ஆர் கூப்பிட்டது என்று சுகிர்தனும் யோசித்துப் பார்த்தான்.

வெளி விறாந்தையில் ஹஸன் கழுவின சேட்டோடு, காலடியில் ராத்தாவின் உடுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தார், அப்ராஸைப் பார்த்தார். சொல்லி அனுப்ப ஆள் தேடுகிறார் என்று சுகிர்தனுக்குத் தெரிந்தது. அப்ராஸ் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றான்.

ஹஸன் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். செருமினார்.

"பல்கீஸ்," என்றார். "எழும்பு. மூதூர் பஸ் நிக்குது."

ராத்தா எழும்பினார். சுகிர்தன் கால்களை ஒதுக்கி வழிவிட்டான்.